கத்திரிக்காய் என்று சொன்னால்

ஒரகடத்தில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரே நோட்டீஸ்தான். ‘பெண்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். உடனே சேரலாம்.’ கீழே ஒரு செல்போன் எண். கம்பெனி பெயர் இருக்காது. தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் வார்டன். அந்த நோட்டீஸை நம்பி வந்து இறங்கிய பெண்கள் பலருக்குப் பாயும் பக்கெட்டும் எடுத்துக் கொடுத்தவள். அதனால் என் மகள் தன் போனை என் பக்கம் திருப்பி, “தங்க எடம், சாப்பாடு ரெண்டுமே ஃப்ரீம்மா. பதிலுக்குத் தோட்டத்துல கொஞ்சம் வேலை செய்யணும், அவ்ளோதான்” என்றபோது எனக்கு அந்த நோட்டீஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தான்சானியா. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் ஒரு காபித் தோட்டம், அதை நடத்தும் ஒரு பெண்மணி. முதல் இரண்டு மாதம் அங்கே. பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் தெற்கே போய், ஏரிகளைப் பார்த்துவிட்டுக் கடற்கரை வழியாகத் திரும்புவது. படிப்பு முடித்து, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இப்போது அந்த வேலையையும் விட்டுவிட்டு ஒரு வருடம் ஊர் சுற்றப் போகிறாளாம். அதற்குப் பெயர் கேப் இயர்.

“இன்டர்வியூல ஏன் கேப் விழுந்துதுன்னு கேட்டாலே பசங்க முழிக்கிறாங்க. நீ காசு குடுத்து கேப் வாங்குறியா?” என்றேன்.

“கேட்டா தான்சானியா போயிருந்தேன்னு சொல்வேன். அவங்க முழிக்கட்டும்.”

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா, “உங்கம்மா வேலை பாக்குற எடம் அப்பிடி. அவுட்பாஸ் இல்லாம உன்ன கேட்டுக்கு வெளிய வுடமாட்டா” என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு மகள் குரலைத் தணித்துக்கொண்டாள். “நீ மனசார சரின்னு சொன்னாதாம்மா டிக்கெட் போடுவேன். சும்மா இழுத்துக்கினே மட்டும் போகாத.”

மனசாரச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் லீவில் ஊருக்குப் போக வேண்டுமென்றால், அவள் வீட்டுக்கு நான் போன் செய்து கேட்ட பிறகுதான் கேட் திறக்கும். இந்தப் பொங்கலுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் ஊருக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். அவள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். “அப்பாதாம்மா பேசுறேன். அனுப்பி வைங்க” என்றது ஒரு குரல். பேச்சுக்கு நடுவே இருமியது. அந்த இருமலே அவனை அப்பாவாக்கிவிட்டது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

பேசியவன் ஏஜென்ட். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போனவன், வேறு ஏதோ ஊரில் ஓர் அறையில் அவளைப் பூட்டி வைத்திருந்தான். போலீஸ் மீட்ட பிறகு, அவள் பெட்டியை எடுத்துப்போக உண்மையான அப்பா வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “போன் பண்ணிக் கேட்டீங்களாம்மா?” என்றார். “கேட்டேங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

காபித் தோட்டத்து அம்மாளை நானே விசாரிக்க வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையில் துணி, உடம்பில் ஸ்வெட்டர். மகள் தங்கப்போகும் அறையைக் காட்டச் சொல்ல வேண்டும், தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் மனதில் வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் யார்? அம்மாவா? வீட்டைக் கொஞ்சம் சுற்றிக் காட்டுங்கள். காட்டினேன். பிறகு மகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, இந்தப் பெண்ணுக்கு எதைச் சமைத்துப் போடக்கூடாது என்று கேட்டாள்.

யோசிக்காமல் “பிரிஞ்சால்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஃப்ரிட்ஜில் வீட்டுக்காரருக்காக வாங்கி வைத்திருந்த கத்திரிக்காயை எடுத்துவந்து காமிராவுக்கு முன் பிடித்தேன். அடுத்து என்னை வெளியே அனுப்பிவிட்டு மகளிடம் அதே கேள்வி. கத்திரிக்காய் சாப்பிட்டால் உதடு தடித்துவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோதுதான் அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். “மன்னியுங்கள். அம்மா என்று சொல்லிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அம்மா இல்லை” என்றாள். கேட்காமலே அறையையும் காட்டினாள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. கதவின் வெளிப்பக்கத்தை அவள் காட்டவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

“இன்னாம்மா, உன்ன மாதிரியே அங்க ஒரு வார்டன்!” என்று மகள் குதித்தாள்.

“இவ்ளோ கரெக்டா விசாரிக்கத் தெரிஞ்சவளுக்கு ஏமாத்தவும் தெரியும்டி.”

“செக் பண்ணலன்னா ஏமாத்துக்காரி. செக் பண்ணாலும் ஏமாத்துக்காரி. அப்ப அவங்க இன்னாதான் பண்ணணும்?”

இரண்டு மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னேன். எங்கே இருந்தாலும் தினமும் பேச வேண்டும். ஏதாவது ஆபத்து, பக்கத்தில் ஆள் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை என்றால், ‘இன்னிக்குக் கத்திரிக்காய் சாப்பிட்டேன்’ என்று சொன்னால் போதும். உலகத்தில் நீ, நான், அப்பா மூன்று பேருக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

“சரி, சொல்லிட்டேன். அப்புறம் நீ இன்னா பண்ணுவே?” என்றாள். “சிங்கப்பெருமாள் கோவில்ல ஷேர் ஆட்டோ புடிச்சி வருவியா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி சரியானதுதான். அவள் அந்தச் சொல்லைச் சொன்னால், ஓடிப் போய்க் கதவைத் தட்ட அந்த நாட்டிலேயே ஒருவர் வேண்டும். அங்கே எங்களுக்குத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. அவளிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டும். அவளே கெட்டவளாக இருந்தால்? கொடுத்த நிமிடமே அந்தச் சொல் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். யாரையும் நம்பாமல் இருக்கத்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். அது என்னை அவள் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

மகள் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

போனை எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாளுக்குக் குரல் பதிவு செய்தேன். என் மகள் கத்திரிக்காய் சாப்பிட்டேன் என்று சொன்னால் அவள் ஆபத்தில் இருக்கிறாள். நான் உங்களைக் கூப்பிடுவேன். அவள் எங்கே இருந்தாலும் தயவுசெய்து போங்கள். அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரலில் பதில் வந்தது. என் தோட்டத்தில் கத்திரிச் செடி இருக்கிறது; உங்கள் மகள் இங்கே இருக்கும்வரை அதைச் சமைக்க மாட்டேன். அவள் தெற்கே போன பிறகும் இந்த எண்ணில் கூப்பிடுங்கள், நான் எடுப்பேன்.

மறுபடியும் போட்டுக் கேட்டேன், இந்த முறை அவள் பேச்சை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்த சத்தத்தை மட்டும். யாராவது இருமுகிறார்களா, யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா என்று. கோழிகள் கொக்கரித்தன. தூரத்தில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள்.

“டிக்கெட் போடு” என்றேன்.