ரசலையனின் கைகள்

ரசலையன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கப்பலேறி, முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா பக்கம் சண்டை போட்டுவிட்டு வந்தவன். தக்கலைச் சந்தையில் வைத்து அவனுக்கு மாலை போட்டார்கள். தன்னைப்போல் கொடுத்துவைத்தவள் யாருமில்லை என்று அன்று அவன் மனைவி ராகேல் நினைத்தாள்.

அந்த நினைப்பு ஒரு மாசம்கூட நிற்கவில்லை. அவனால் இரும்பைத் தொட முடியவில்லை. மண்வெட்டியை எடுத்தால் கை உதறும். அரிவாளைக் கண்டால் முகம் வெளுத்து எழுந்து போய்விடுவான். வயலை வாரத்துக்கு விட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு வெட்டுவது, மீன் நறுக்குவது, வேலிக்கு முள் அடிப்பது எல்லாம் ராகேலின் பாடாயிற்று. அவன் கயிறு திரிப்பான். அது முடிந்தால் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பான். அங்கே என்னதான் நடந்தது என்று அவள் கேட்டால், "ஒண்ணும் நடக்கல" என்பான். இப்படியே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முழுக்கப் போயின.

முப்பதுகளின் நடுவில், பக்கத்திலிருந்த பழைய அரண்மனையில் அந்தக் காலத்து ஆயுதங்களைத் துடைத்து ஜனங்கள் பார்க்க வைத்தார்கள். காவலுக்கு ஒரு பழைய பட்டாளத்துக்காரன் வேண்டுமாம் என்று கோயிலில் போதகர் சொன்னார். ராகேலுக்கு வெகுநாளைக்குப் பிறகு ஓர் ஆசை துளிர்த்தது.

"அதெல்லாம் செத்த இரும்பு. யாரையும் ஒண்ணும் செய்யாது. ஒருக்கா வந்து பாருங்க, பிடிக்கலேண்ணா திரும்பிருவோம்" என்றாள்.

அவன் திரித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். "நீ கூட வாறியா?"

"வாறேன்."

மேற்பார்வை ஐயப்பன் பிள்ளை அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் காட்டினார். சுவரில் வரிசையாக வாள்கள், தோல் கேடயங்கள், ஆளுயர ஈட்டிகள், ஒரு மூலையில் குட்டிப் பீரங்கியும் குவித்துவைத்த குண்டுகளும். ரசலையனின் கை உதறவில்லை. ஒரு வாளுக்கு முன்னால் நின்று கைப்பிடி வேலைப்பாட்டைக்கூடக் குனிந்து பார்த்தான். ராகேல் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

கடைசி அறையில் பிற்காலத்துத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றின் முனையில் கத்தி செருகியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு வாத்தியாரும் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பட்டாளத்துல இத எப்படிப் பிடிப்பாவ? இவியளுக்கு ஒண்ணு காட்டும்" என்றார் பிள்ளை.

ரசலையன் ராகேலைப் பார்த்தான். வேலை கிடைத்துவிடும் என்ற சந்தோஷத்தில் அவள், "காட்டுங்க" என்றாள்.

அவன் துப்பாக்கியை வாங்கினான். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. இடது காலை முன்வைத்துக் குத்தினான். திருகினான். பிறகு தரையில் எதையோ மிதித்துக்கொள்வதுபோல் காலைத் தூக்கி ஊன்றி, வெளியே இழுத்தான். வாத்தியார் கை தட்டினார். ரசலையன் மறுபடி குத்தினான், மிதித்தான், இழுத்தான். மறுபடியும். கைத்தட்டல் நின்றுபோனது. கிட்டே போன ராகேலுக்கு மட்டும் அவன் முனகுவது கேட்டது.

"சின்னப் பய... சின்னப் பய..."

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதும் அப்படியே நின்றான். ஆனால் விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் துப்பாக்கியை வாங்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தும் அவன் உள்ளே வரவில்லை. கஞ்சியைத் தொடவில்லை. பொழுது சாயும்போது சொன்னான்: "எனக்க கைய கெட்டிப் போடு, ராகேல்."

"என்ன பேச்சு இது?"

"நான் மறந்தாச்சுண்ணு நெனச்சேன். கைக்கு எல்லாம் ஓர்ம இருக்கு, ஏட்டி. உனக்க பக்கத்துல கெடக்கப் பயமாருக்கு."

அவள் மாட்டேன் என்றாள். மறுநாளும் கெஞ்சினான். அதற்கு மறுநாளும். கடைசியில் பழைய வேட்டியைக் கிழித்து, வலிக்காமல் கட்டினாள். கட்டிய பிறகுதான் அவன் கண் மூடினான். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கயிறு திரிப்பதும் நின்றது. சோற்றை அவளே ஊட்டினாள்.

இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, காய்ச்சல் கண்டு போய்விட்டான். கல்லறையில் பட்டாளத்துக்காரன் என்று எழுதலாமா என்று போதகர் கேட்டார்.

"வேண்டாம், ஐயா. பேரு மட்டும் எழுதினாப் போரும்" என்றாள் ராகேல்.

மண் போட்டுவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். அவள் அங்கேயே நின்றாள். வேத வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முகம் தெரியாத, பெயர் தெரியாத அந்தச் சின்னப் பயலைப் பெற்றவளுக்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றாள்.