இரண்டு தரம் கூப்பிட்டேன்

பொய் அறிக்கை எழுதாத கிராம நிர்வாக அலுவலர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. நான் எழுதியிருக்கிறேன். மற்றவையெல்லாம் மறந்துவிட்டன. ஒன்று மட்டும், சாரல் விழத் தொடங்கினால் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

அப்போது இலத்தூர் பக்கம் ஒரு சிறிய கிராமத்தில் எனக்கு வேலை. அந்த ஊர்க்காரர் ஒருவர் சீசன் மாதங்களில் ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். காற்று பலமாக அடித்த ஒரு நாளில் மரக்கிளை முறிந்து மேலே விழுந்து அங்கேயே போய்விட்டார். சம்பாதிக்கிறவரைத் திடீரென்று இழந்த ஏழைக் குடும்பத்துக்கு அரசு ஓர் அவசர உதவித்தொகை கொடுக்கும். அதற்காகப் பத்தாம் நாளே அவருடைய தம்பி தென்காசிக்குப் போய் மதினி பெயரில் மனு கொடுத்துவிட்டார். ஒரே மகளுக்குத் திருநெல்வேலியில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நேரில் விசாரித்து உடனே அறிக்கை அனுப்பும்படி மனு என்னிடம் வந்தது.

போனேன். பகல் மூன்று மணிதான். ஆனால் மேகம் இறங்கி, விளக்கு வைக்கிற நேரம்போல் இருட்டிக்கிடந்தது. கூட வரவேண்டிய தலையாரிக்குக் காய்ச்சல். தெருவே சீசன் வேலைக்குப் போயிருந்ததால் ஈ காக்கை இல்லை. வாசல் கொடியில் ஒரு துண்டு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை சாரலிலும் அதிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. தேய்த்துவிட்ட ஆள் மண்ணுக்குள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. மனுவைப் பார்த்து அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது தரம் சத்தமாகக் கூப்பிட்டேன். உள்ளே ஏதோ அசைந்தது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

மூலையில் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் செம்பில் தண்ணீர். சுவரோரம் வரிசையாக எண்ணெய்ப் பாட்டில்கள். நடுவில் ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும்தான் இருந்தன. மூக்குக்குக் கீழே முகமே இல்லை. அந்த இடத்தில் ஒரு கை இருந்தது. கண் இமைக்கவில்லை, மூச்சுச் சத்தமும் இல்லை.

மூன்றாவது தரம் கூப்பிட வாயெடுத்தேன். நாக்கு எழவில்லை. படித்து, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவன்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கே சொல்கிறவன்தான். பைக்கை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே ஓடிவந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று அறிக்கையில் எழுத முடியுமா? 'நேரில் சென்றபோது வீடு பூட்டப்பட்டிருந்தது, குடும்பத்தினர் ஊரில் இல்லை' என்று எழுதினேன். மனு தள்ளுபடியாகிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அந்த அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். மனு ஏன் தள்ளுபடியானது என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வந்தேனேம்மா. வாசல்ல நின்னு பேரைச் சொல்லி ரெண்டு தரம் கூப்பிட்டேன்" என்றேன்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அது நீங்களா சார்?"

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணை வெளியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா, மதினி, இன்னாருடைய அம்மை, அவ்வளவுதான். அந்த வாசலில் அவர் பெயரைச் சொன்ன ஒரே ஆண்குரல் புருஷனுடையது. துர்மரணம் நடந்த வீட்டில் பதினாறு நாள் முடியும்வரை மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும். செத்தவர் இரண்டு தரம்தான் கூப்பிடுவார், பதில் சொன்னவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். கையில் அரசாங்கக் காகிதம் இருந்த தோரணையில் மறந்துவிட்டேன்.

"அவுகதான் கூப்பிடுதாகன்னு எந்திச்சிட்டேன் சார். கூடவே போயிரலாம்னுதான் இருந்துச்சு. 'இந்தா வாரேன்'னு சொல்ல வாயத் தொறந்தேன். பிள்ளை ஓடியாந்து பொத்திட்டா. இடுக்குல ஒரு கண்ணு தெரிஞ்சதும் பின்னால நின்னு இன்னும் இறுக்கிப் பிடிச்சிட்டா. கைய எடுக்கவே இல்ல."

அன்றே வேறு அறிக்கை எழுதினேன். கோப்பு தென்காசிக்குப் போய் அலைந்து உத்தரவு வருவதற்குள் நர்சிங் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. மகள் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

உத்தரவை நானே எடுத்துக்கொண்டு போனேன். தெருவிலிருந்தே "வி.ஏ.ஓ. வந்திருக்கேம்மா" என்றேன். ஒரே குரலில் கதவு திறந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஒரே ஒரு உபகாரம் சார். அன்னைக்கு வந்தது நீங்கதான்னு எம்மவகிட்ட மட்டும் சொல்லிராதீக. அவ அய்யாகிட்டருந்து என்னையக் காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கிட்டுத்தான் அங்கன ராப்பகலா நிக்கா."

எனக்கு வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

போன தீபாவளிக்கு இலத்தூர் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "எங்களுக்கு அலைஞ்சு பணம் வாங்கிக் குடுத்தது நீங்கதானாம்லா சார், அம்மை சொன்னா" என்று கும்பிட்டாள். அந்தக் கையைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.