முப்பது நாள் கழியாத மீன்

ஃபெமினா எதையும் ஒரே பார்வையில் நம்பமாட்டாள். பாளையங்கோட்டை நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மூலத்தோடு நகலை ஒத்துப்பார்க்கும் பதினான்கு வருஷ வேலை அப்படி ஆக்கிவிட்டது. வீட்டில் அவள் நம்பாதது புது மீனை.

முன்னறையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. நிறையக் கடல் தண்ணீர். பூவிதழ் போல விரல்களை அசைக்கும் ஒரு கடல் சாமந்தி, அதற்குள்ளேயே குடியிருக்கும் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆறு வருஷமாக வாழும் ஜோடி. பக்கத்து ஓட்டுச் சில்லில் மாதம் இருமுறை முட்டையிடும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். அந்தத் தொட்டிக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் குளியலறையில் இருக்கும் வெள்ளைத் தொட்டியில் முப்பது நாள் இருந்தாக வேண்டும். அதற்குத் தனி வலை, தனிக் கோப்பை, இரண்டிலும் சிவப்பு நாடா. முதன்முதலில் தொட்டி வைத்தபோது இதெல்லாம் தெரியாமல், வாங்கி வந்த மீனை அப்படியே விட்டாள். வெள்ளைப்புள்ளி நோய் நாலே நாளில் பதினொரு மீனைத் தின்றுவிட்டது.

கடல் தண்ணீர் மணப்பாட்டிலிருந்து வரும். அண்ணன் மார்ட்டின் மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறபோது பத்துக் கேனில் மொண்டு, மார்க்கெட்டுக்கு வரும் மீன் வண்டியில் ஏற்றிவிடுவான். காலிக் கேன்கள் திரும்பும்போது கூடவே ஒரு சீப்பு ஏத்தன் பழம் போகும். வெறுங்கேன் போனால் மதினி லிண்டாவுக்கு முகம் கோணிவிடும்.

ஈஸ்டர் கழிந்த வாரம் லிண்டாவே வந்தாள். மூடி போட்ட வாளியை மணப்பாட்டிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன், உள்ளங்கை அகலம்.

"உங்க அண்ணன் வலையில கெடச்சது. உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்றாள்.

ஃபெமினா வாளியை வாங்கி நேரே குளியலறைக்கு நடந்தாள். லிண்டா பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"கக்கூஸ்லயா விடுத?"

"முப்பது நாளு மட்டும், மதினி. எல்லா மீனுக்கும் இதுதான்."

"கடையில வாங்குன மீனும் எங்க கடல் மீனும் ஒண்ணாளா? நான் வாழ வந்தப்பவும் நீ இப்படித்தான் ஓரமா நின்னு பாத்த. எனக்கு எத்தன நாளு வச்சிருந்த?"

ஃபெமினா மீனை வெள்ளைத் தொட்டியில் இறக்கினாள். வாயைத் திறந்திருந்தால், மதினிக்கு முப்பது நாள் இன்னும் கழியவில்லை என்று சொல்லியிருப்பாள். லிண்டா காப்பியைத் தொடாமல் கிளம்பினாள். வாளி இங்கேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் மஞ்சள் மீனின் வாலில் இரண்டு வெள்ளைப்புள்ளி. ஃபெமினா செம்பு மருந்தை அளந்து ஊற்றத் தொடங்கினாள்.

"மதினிட்ட சொல்லிறாதிய. அவிய மீனுக்குச் சீக்குன்னு சொன்னா ஊரக் கூட்டிருவாவ" என்று கணவன் பெனிட்டோவிடம் சொல்லிவைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் லிண்டா ஆஸ்பத்திரிக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். ஃபெமினா வேலைக்குப் போயிருந்தாள். பெனிட்டோ பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அவன் கை கழுவப் போன நேரம்தான். வந்து பார்த்தால், லிண்டா சிவப்பு நாடா கட்டிய கோப்பையோடு முன்னறையில் நிற்கிறாள். மஞ்சள் மீன் கடல் சாமந்தியைச் சுற்றி வருகிறது.

"அக்கா, என்ன செஞ்சிட்டிய!"

"வேண்டியவுக குடுத்தத எங்க வைக்கணும்னு காட்டுனேன். அவ வந்தா சொல்லு."

சாயங்காலம் ஃபெமினா வந்தாள். தொட்டி முன்னால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அன்றைக்குத்தான் ஓட்டுச் சில்லில் புது முட்டைகள், ஆரஞ்சு நிறத்தில். நோய் தண்ணீரில் இறங்கிவிட்டது. இனி மூன்று மீனையும் எடுத்து மருந்தில் விட்டால்தான் உண்டு. அந்த மருந்து கடல் சாமந்தியைக் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது. அந்தத் தொட்டியை மீனே இல்லாமல் எழுபத்தாறு நாள் விட்டால் கிருமி தானாகப் பட்டினியில் சாகும். முட்டையை யாரும் விசிறப் போவதில்லை.

ஆண் மீன் வலையை மூன்று முறை கடித்தது. நாலாம் முறை பிடிபட்டது.

மூன்றையும் வெள்ளைத் தொட்டிக்கு மாற்றிய நாலாம் நாள் ஜோடி இரண்டின் உடம்பிலும் மாவு தூவியது போலப் புள்ளி. ஒன்பதாம் நாள் காலையில் பெட்டை வெள்ளைத் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. ஆண் அதன் மேல் நின்று விசிறிக்கொண்டிருந்தது.

ஃபெமினா மணப்பாட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது லிண்டா.

"உங்க மீனுக்கு முன்னாலயே சீக்கு இருந்துச்சு. என் பெட்டை செத்துட்டு."

"மீனுன்னா சாவத்தான் செய்யும். சீக்குன்னு தெரிஞ்சவ அப்பவே சொல்லியிருக்கணும்லா? வாயில என்ன வச்சிருந்த?"

அது ஒன்றுதான் ஃபெமினாவுக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டாள்.

ஆண் மெலிந்து பிழைத்தது; மஞ்சள் மீன் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தேறியது. கடைசிப் புள்ளி உதிர்ந்த நாளிலிருந்து முப்பதை மறுபடி எண்ணினாள். முப்பத்தோராம் நாள் லீவு போட்டு, லிண்டாவின் வாளியிலேயே அதை விட்டு, மூடியை அழுத்தி, பஸ் ஏறினாள். மடியில்தான் வைத்துக்கொண்டாள்.

மணப்பாட்டில் லிண்டா வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மார்ட்டின் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தான்.

"என்னளா இது?"

"உங்க வாளி. வெறுசாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா."

லிண்டா மூடியைத் திறந்து பார்த்தாள். முகம் கறுத்தது.

"குடுத்தத திருப்பிக் கொண்டாருதியா? எந்த வீட்டுப் பழக்கம் இது?"

"சீக்கு தீந்துட்டு, மதினி. இனி யார் வீட்டு முன்னறையிலயும் விடலாம்."

"ஏளா ஃபெமினா, உள்ள வந்து உக்காரு மொதல்ல" என்றான் மார்ட்டின்.

"இருக்கட்டும், அண்ணன். பஸ்ஸு வந்துரும்."

"இனி இங்கேருந்து ஒரு சொட்டுத் தண்ணி போவாது, பாத்துக்க" என்றாள் லிண்டா.

"கடத்தண்ணி கரைக்கிற உப்பு பாக்கெட்டுல விக்கான். வாங்கியாச்சு."

ஃபெமினா தெருமுனை வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து லிண்டாவின் குரல், கோபம் குறையாமலே: "இது என்னத்தத் திங்கும்? அதையாவது சொல்லிட்டுப் போயேன்."

"வாளிப் பிடியில எழுதிக் கட்டியிருக்கு" என்றாள் ஃபெமினா, திரும்பாமல்.

நகல் பிரிவுக் கையெழுத்தில், நூல் போட்டு, கட்டித்தான் இருந்தது: இறால், பொடியாக நறுக்கி, நாளுக்கு இரண்டு வேளை.