வெயிலில் போட்ட தீவனம்

பொங்கலூரில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தபோது, தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதை நான் நம்பவே மாட்டேன். ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பேன். என் மூக்கின் மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

ஒரு முறை வந்த தீவன லோடில் மக்காச்சோளம் பூஞ்சை வாடை அடித்தது. தீவன ஏஜெண்டைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"மழை ஈரமுங்க. ரெண்டு நாள் வெயில்ல போடுங்க, சரியாப் போயிருமுங்க" என்றார்.

பனியன் கம்பெனி வேஸ்ட் துணிகளை விரித்து, தீவனத்தைக் கொட்டி, நானே காலால் கிளறிவிட்டேன். வாடை போய்விட்டது. கோழிகளுக்கு அள்ளிப் போட்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் முட்டை ஓடு மெலிந்தது. தொட்டாலே கீறல் விட்டது. ஒரு காலை ஷெட்டுக்குள் நுழைந்தேன். அத்தனை கோழிகள் இருந்தும் சத்தமே இல்லை; சில செத்துக் கிடந்தன.

செத்த கோழியை அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், மஞ்சளாக வீங்கிக் கிடந்த ஈரலைக் காட்டினார்.

"காயவெச்சுத்தானுங்க போட்டேன். வாடையே இல்லீங்க" என்றேன்.

"வெயில்ல வாடைதானுங்க போகும். பூஞ்சை விட்ட விஷம் அப்படியேதான் இருக்குமுங்க."

கீறல் விட்ட முட்டையைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். வீணாக்க வேண்டாமென்று, அந்த வாரம் முழுக்க என் பிள்ளைகளுக்கு நான்தான் ஆம்லெட் போட்டுக் கொடுத்திருந்தேன்.