மறுநாளுக்கு வைத்த கோழி

என் பெரியம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். கடைசியாகப் பிறந்தவனைத்தான் நாங்கள் அடுக்கு என்று கூப்பிடுகிறோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; சம்பளச் சீட்டைத் தவிர வேறெதிலும் அது புழங்குவதில்லை. எனக்குத் தம்பி முறை. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது வேலை. முப்பத்தோரு வருஷமாக ஊரையே மேலே ஏற்றிவிட்டவனுக்கு ஒருதரம்கூடப் பதவி உயர்வு வந்ததில்லை.

ஆனால் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. ஆண்டுக் கடைசி விடுமுறையில் அவன் வீட்டில்தான் குடும்ப விருந்து. மறுநாள் காலை, மிஞ்சியதை வைத்து சாண்ட்விச் செய்வான். ஏதோ ரொட்டிக்குள் திணித்துத் தருவான் என்று நினைக்க வேண்டாம். ரொட்டியில் விளிம்புவரை வெண்ணெய். அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கு. அதன்மேல் மெல்லிசாக வெட்டிய கோழி, வேகவைத்த காரட், இரண்டு கரண்டி கோழிச் சாறு. மூடியதும், லிஃப்டில் கழித்துப் போட்ட இரும்புத் தகடு ஒன்றைச் சுத்தமான துணியில் சுற்றி மேலே வைப்பான். முக்கால் மணி நேரம். அதுவரை சமையலறையில் யாரும் பேசக்கூடாது. ஆபரேஷன் நடக்கும் இடத்தில்கூட இந்தக் கெடுபிடி இருக்காது.

ருசி? பொய் சொல்ல மாட்டேன், அபாரம். சிக்கலே அங்கேதான். ருசி கண்டவனுக்கு வருஷத்துக்கு வருஷம் மிச்சம் அதிகம் தேவைப்பட்டது. முதலில் கோழியின் நெஞ்சைத் தொடாதே என்றான். பிறகு தொடையை. கடைசியில் நாங்கள் விருந்துக்குப் போய், சூப் குடித்து, கோழியைக் கண்ணால் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பப் பழகிவிட்டோம். வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விருந்துக்குக் கிளம்புவது எங்கள் குடும்பத்து நாகரிகம்.

அந்த வருஷம் அவன் மகளுக்கு வரன் கூடி வந்தது. கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை செய்யும் பையன். அவனுக்குச் சம்மதம், அவளுக்கும் சம்மதம். அவனைப் பெற்றவர்கள் சரி சொல்ல வேண்டும். அவர்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். அம்மா பள்ளி விடுதியில் சமையல் மேற்பார்வை. தட்டைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற உத்தியோகம்.

"நம்ம வீட்டு வழக்கத்த அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்கப்பா" என்று மகள் காலையிலிருந்து பத்துதரம் சொன்னாள்.

சொன்னானா? மேசை நடுவில் இரண்டு முழுக் கோழி மினுமினுத்தன. ஒரு கையும் நீளவில்லை. பையனின் அப்பா முள்கரண்டியைத் தூக்கினார், சுற்றிப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

"யாருமே எடுத்துக்கலையே?" என்றார் அந்த அம்மா.

"இதை நாங்க இன்னைக்குத் தொடுறதில்லீங்க. இன்னும் கொஞ்சம் சூப்?" என்று அடுக்கு பெருமையாகச் சிரித்தான்.

அந்த அம்மா கரண்டியைக் கவிழ்த்து வைத்தார். நானாவது வாய் திறந்திருக்கலாம். வாயில் ரொட்டி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பையன் போன் செய்தான். மகள் சமையலறைக்கு வந்தாள். தகட்டின் கீழ் சாண்ட்விச். எதிரே அடுக்கு, தியானத்தில்.

"கோழி கெட்டுப் போயிருந்துதா, இல்ல எங்களுக்குக் குடுக்க மனசு வரலையான்னு அவங்கம்மா கேக்கறாங்களாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் இந்தச் சம்பந்தம் வேணாமாம்."

"உஷ்… பேசாதம்மா, இன்னும் பத்து நிமிஷம்…"

அவள் தகட்டைத் தூக்கித் தரையில் வைத்தாள். வீடு அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அடுக்குக்கு விஷயம் விளங்கியது.

விடுமுறை டியூட்டி பார்க்கும் கூட்டாளிகளுக்கென்று ஒதுக்கியதையும் சேர்த்துப் பன்னிரண்டு சாண்ட்விச்சையும் டப்பாவில் அடுக்கினான். பெரியவர் ஒருத்தர் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் பையன் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தது அந்த அம்மாதான்.

"என்ன இது?"

"நேத்து மிச்சம்ங்க."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இவன் வாயில் உண்மை வருவது அபூர்வமில்லை. வரக்கூடாத நேரத்தில் வரும்.

"நேத்து எங்க தட்டுக்கு வராதது, இன்னைக்கு எங்க வாசலுக்கு மிச்சமா வருதா?"

"வந்தவங்கள உள்ள விடு" என்று பின்னாலிருந்து வந்த கணவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். நேற்றிரவு சூப்போடு தூங்கப் போன மனிதர். இரண்டாவதை எடுத்தார்.

"எப்படி இருக்கு? வாயத் தொறங்களேன்!"

"உனக்குப் பிடிக்காது, விடு" என்று டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அதற்கு மேல் எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? பிடுங்கி, பிரித்துப் பார்த்தார். "விளிம்பு வரைக்கும் வெண்ணெயா?"

"இல்லன்னா சாறு இறங்கி ரொட்டி நைஞ்சிடும்ங்க."

"எங்கிட்ட ஏழு பேர் வேலை செய்யறாங்க. ஒருத்தருக்கும் இது தெரியாது." உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டார்.

அடுக்கு அப்போதுதான் எல்லாம் சொன்னான். "தப்பு என்னுதுதாங்க. பொண்ணு சொல்லச் சொன்னா. காலையில நீங்களே சாப்பிட்டு அசந்து போகட்டும்னு வாய மூடிட்டு இருந்தேன்."

"காலையில நாங்க எங்க வீட்ல இருப்போம்னு உங்களுக்குத் தோணவேயில்லையா?"

தோணவில்லை. அத்தனை வருஷ அனுபவத்தில் விருந்தாளிகள் வீட்டுக்குப் போவார்கள் என்பது மட்டும் அவன் கணக்கில் வரவேயில்லை. அவன் விழித்த விழியைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பொண்ணை எடுத்துக்கறோம். ஆனா கல்யாணத்தன்னைக்கு நீங்க பந்திப் பக்கமே வரக்கூடாது, சம்பந்தி. வந்தவங்க வயிறார சாப்பிட்டுப் போகட்டும்."

அடுக்கு பணிவாகத் தலையாட்டினான். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

"ஏன்க்கா, நானூறு பேருக்குச் சமைச்சா உத்தேசமா எவ்வளவு மிஞ்சும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் சீட்டிலிருந்து மகள்தான் பதில் சொன்னாள்.

"ஒண்ணும் மிஞ்சாதுப்பா. நானே நின்னு பரிமாறப் போறேன்."