கண்ணின் வெள்ளை

சித்தப்பா வீட்டு முன்ஜன்னல் கம்பியில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று தொங்கும். சவரம் செய்ய வாங்கியது. ஓரங்களில் ரசம் போய்க் கறுத்திருந்தாலும் நடுவில் முகம் தெளிவாகத் தெரியும். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும் அதன் முன் குனிந்து, ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, வெயில் விழும் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடுத்த வீட்டிலிருந்து காலேஜுக்குக் கிளம்பும் என்னையும் விடமாட்டார். "ஏட்டி, இங்க வா. எனக்க கண்ணு வெள்ளையா இருக்கா, மஞ்சளா இருக்கா? உள்ளதச் சொல்லு." வெள்ளையாத்தான் இருக்கு சித்தப்பா என்றால் போதும். சீட்டியடித்துக்கொண்டே காக்கிச் சட்டையை மாட்டப் போய்விடுவார்.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே அவர் குரல் கேட்காத நிறுத்தம் இருந்திருக்காது. மழைக்காலம் வந்தால் அந்தக் குரல் கட்டிக்கொள்ளும், நெஞ்சில் சளி பிடிக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவரைப் போல ஒழுங்காகச் சாப்பிட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நோய் விட்டுப்போனாலும் மாத்திரை தீரும்வரை நிறுத்தமாட்டார். அக்கம்பக்கத்தில் யாராவது காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அலமாரியில் போட்டு வைத்தால் பிடித்துக்கொள்வார். "நாகர்கோவிலுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு தக்கலையில எறங்கி நின்னா, நாகர்கோவில் உன்னத் தேடி வருமால?" இதை அவர் சொல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நாங்கள் சிரிப்போம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, அந்த வருஷத்து மழையில் சளி நெஞ்சோடு நிற்காமல் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். நீளமாக, வெள்ளையாக, தொண்டையில் இறங்க இரண்டு மடக்குத் தண்ணீர் கேட்கும் மாத்திரை. அது நன்றாகவே கேட்டது. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, டூட்டிக்கும் போய்விட்டார். சில வாரம் கழித்து உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைக் கண்டாலே ஓங்கரிப்பு. பிறகு கண் மஞ்சளித்தது. மஞ்சள் காமாலையை எங்கள் பக்கத்தில் மஞ்சப்பித்தம் என்போம். மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் மஞ்சளாயிற்று. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், பரம்பரையாக இதற்கென்றே பச்சிலை அரைத்துக் கொடுக்கும் வைத்தியர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

எங்கள் ஊரில் டாக்டர் வீட்டுக்குப் போகும் வாயும் வைத்தியர் வீட்டுக்குப் போகும் வாயும் வேறு வேறு. பச்சிலை குடித்தேன் என்று டாக்டரிடம் சொன்னால் ஏசுவார். இங்கிலீஷ் மாத்திரை தின்றேன் என்று வைத்தியரிடம் சொன்னால் மருந்து கிடைக்காது. அதனால் இரண்டு இடத்திலும் பாதி பாதியாகச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். சித்தப்பாவும் உப்பில்லாத கஞ்சியும் மோருமாகப் பத்தியம் காத்தார். மீன் வாசம்கூட வீட்டுக்குள் வராமல் சித்தி பார்த்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்குள் கண் வெளுத்தது. வைத்தியருக்கு வேட்டியும் வெற்றிலையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மஞ்சப்பித்தம் வந்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடைத் தண்ணீரால் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். அன்றிலிருந்து சித்தப்பா வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரைக் குப்பியில் ஊற்றிக்கொண்டு போனார். காலையில் அந்தக் கண்ணாடி பார்க்கும் வழக்கம் அப்போது தொடங்கியதுதான்.

அடுத்தடுத்த மழையில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு ஐப்பசியில், அவர் ரிட்டயராக ஒரு வருஷம் இருக்கும்போது, நெஞ்சுச் சளி பழையபடி பிடித்தது. பழைய டாக்டர் ஊரை விட்டுப் போயிருந்தார். புது டாக்டரிடம் சித்தியும் கூடப் போனாள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அவர் முறைப்படி கேட்டிருக்கிறார். சித்தப்பா சிரித்துவிட்டு, "எனக்கு எல்லா மருந்தும் பிடிக்கும் டாக்டர். முன்னால ஒரு வெள்ள மாத்திர தந்தாங்க, நீளமா இருக்கும். அதுதான் எனக்கு நல்லாக் கேக்கும்" என்று பத்திரமாக வைத்திருந்த பழைய காலி அட்டையையே எடுத்து நீட்டியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை தின்றபோது தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, வாந்தியா? ஒன்றும் இல்லை. மஞ்சப்பித்தம் தண்ணீரால் வந்தது, பச்சிலையால் போனது. அதை எதற்கு ஒரு டாக்டரிடம் சொல்வது?

டாக்டரும் அதையே எழுதினார். இந்த முறை மஞ்சள் வாரக்கணக்கில் காத்திருக்கவில்லை. மாத்திரை தீரும் முன்பே ஒருநாள் காலை கண்ணாடி முன் குனிந்தவர் நிமிரவில்லை. என்னைக் கூப்பிட்டார். இமையை இழுத்துப் பிடித்தபடியே நின்றார். நான் பார்த்தேன். "சரி, போ. எனக்கே தெரியுது" என்றார். அன்றைக்கே அக்கரைக்குப் போய்ப் பச்சிலையைத் தொடங்கினார்கள். மீதி மாத்திரையையும் பத்தியத்துக்கு நடுவே, வைத்தியருக்குத் தெரியாமல், அவர் தின்று முடித்தார். பாதியில் நிறுத்தக்கூடாது அல்லவா.

வயிறு வீங்கிப் பேச்சு குழறத் தொடங்கிய பிறகுதான் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், சித்தியை உட்காரவைத்து, ஒன்று ஒன்றாகக் கேட்டார். என்ன மாத்திரை, எப்போது தின்றார், முன்பு மஞ்சள் காமாலை வந்ததுண்டா, அதற்கு முன்னால் என்ன தின்றார். கடைசிக் கேள்விக்குச் சித்தி, "இதே மாத்திரதான் சார்" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று பென்சிலின் வகை. அதைக் கிருமி முறித்துவிடாமல் காப்பது இன்னொன்று. நல்ல மருந்து, லட்சம் பேர் தின்று பிழைக்கிற மருந்து. அபூர்வமாகச் சிலருக்கு, அதிலும் வயதான ஆண்களுக்கு, ஈரலைப் பிடித்துவிடும். மாத்திரை முடிந்து சில வாரம் ஆன பிறகும் வரலாம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் ஒருமுறை அப்படி வந்தவர் பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடக்கூடாது.

தானாகவே ஆறிவிடும் என்ற சொல்லில் சித்தி நின்றுவிட்டாள். "அப்போ அந்தப் பச்சிலை?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரவில்லை. கடைசியாகப் பார்த்தபோது கண் திறந்தேதான் இருந்தது. அதன் நிறத்தை நான் எழுதப்போவதில்லை.

யாரைக் குற்றம் சொல்வது என்று நானும் வருஷக்கணக்கில் தேடிப் பார்த்துவிட்டேன். மருந்து நல்ல மருந்து. புது டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். வைத்தியர் தனக்குத் தெரிந்ததைக் கொடுத்தார். சித்தப்பாவோ சொன்னதைச் சொன்னபடி செய்தவர். ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனம் ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை. மஞ்சப்பித்தம் வந்தது என்ற இரண்டு சொல்லை அந்தப் புது டாக்டரின் அறையில் சொல்லியிருந்தால் இன்றைக்கும் சித்தப்பா எங்கள் தெருவில் யாரையாவது பிடித்து ஏசிக்கொண்டிருப்பார்.

சித்தி இதிலிருந்து வேறொன்றைக் கற்றுக்கொண்டாள். மாத்திரை கொல்லும். அவ்வளவுதான். அவளுக்குச் சர்க்கரை உண்டு. போன வருஷம் காலில் செருப்பு கடித்த புண் சீழ் வைத்தது. டாக்டர் எல்லாம் கேட்டு, ஈரலையும் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதியது அதே நீள மாத்திரையைத்தான். "அவங்களுக்குத்தான் அது ஆகாது. உங்களுக்கு ஒண்ணும் செய்யாதும்மா, தைரியமாச் சாப்பிடுங்க" என்றார். அவள் பயத்துக்காக வேறு மாத்திரை கேட்டு வாங்கியும் பார்த்தோம். எங்கள் கண்ணெதிரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒருநாள் நான் பார்த்தபோது, மழையில் ஊறிப்போன மாத்திரைகள் மண்ணோடு கிடந்தன. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசிக்காவது வாருங்கள் என்று கெஞ்சினேன். "அந்த ஆசுபத்திரிக்கா? அங்க ஒருத்தர விட்டுட்டு வந்தது போதும் மக்கா" என்றாள். ஊர் டாக்டரிடமே ஒரு கால்விரலை எடுத்தாயிற்று. இப்போது கறுப்பு அடுத்த விரலைத் தாண்டிப் பாதத்தில் ஏறியிருக்கிறது.

இன்று காலையும் போயிருந்தேன். நாற்றம் வாசலிலேயே வந்தது. கட்டுப் போட்ட காலைத் தூக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதே வட்டக் கண்ணாடி முன் நின்றிருந்தாள். விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, வெயில் பக்கம் திரும்பி, என்னைக் கண்டதும் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா மக்கா? எனக்க கண்ணு எப்பிடி இருக்கு, சொல்லு."

"வெள்ளையாத்தான் இருக்கு சித்தி" என்றேன்.