வாய்க்கால் கரையில் வாசித்த போலந்துச் சொற்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சம்பா நடவின்போது, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நடந்தது இது. போலந்தில் தொழிற்பயிற்சி முடித்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். கும்பகோணத்துப் பட்டறைக்காரர் ஒருவர் போலந்து லேத் மெஷின் வாங்கியிருந்தார். கூட வந்த விளக்கப் புத்தகம் முழுக்க போலிஷ் மொழி. அதை இங்கிலீஷில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது.

அந்த மொழியின் பெயர்களில் நான் சொக்கிப்போயிருந்தேன். கடையும் இரும்பை மறுமுனையில் தாங்கும் பாகத்துக்குப் பெயர் 'கொனிக்', அதாவது குட்டிக் குதிரை. அதில் செருகும் கூர்முனை, கோரைப்பல். சாய்த்து வெட்டிய பள்ளம், தகைவிலான் குருவியின் வால். இங்கிலீஷுக்கு வந்தால் குதிரை காணாமல் போகும், குருவி வால் புறா வாலாகிவிடும்.

மெஷின் வரைபடங்களோடு ஒரு சாயங்காலம் கும்பகோணம் கிளம்பினேன். நடவுக் கூலித் தகராறில் பஸ் ஓடவில்லை. ரயிலடி வரை வாய்க்கால் கரையோடு நடந்தேன். இரு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள். மேகமெல்லாம் காலடியில் மிதந்தது. சொற்களை முணுமுணுத்துக்கொண்டே போனவனை, திடீரென்று பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

பண்ணையார் வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கிவிடக் கூடாதென்று காவல் நின்ற தொழிலாளர்கள் அவர்கள். என் தாள்களைப் பிடுங்கி விரித்தார்கள்.

"நெலத்து வரைபடம்டா இது! பினாமி பேருக்கு மாத்த எடுத்துக்கிட்டுப் போறான்!"

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலங்கள் இரவோடிரவாகப் பெயர் மாறிக்கொண்டிருந்த காலம். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

முழங்கால் வரை சேறோடு நின்ற ஓர் அம்மா, "விடுங்கடா. அவரே படிச்சுக் காட்டட்டும்" என்றார்.

விரல் வைத்துக் காட்டினேன். "இது மெஷினு படங்க. இது குட்டிக் குதிரை. இது பல்லு. இது குருவி வாலு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சட்டையிலிருந்து கை இறங்கியது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது என்ன செய்யும் தம்பி?"

"பம்புசெட்டு, டிராக்டரு சாமானெல்லாம் கடையுங்க."

"டிராக்டரு வந்தா எங்களுக்கு வேலை இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "கொறையும்னுதாங்க தோணுது."

சிரிப்பு நின்றுபோனது. அவர் தாள்களைச் சேறு படாமல் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "மதகுகிட்டயும் நம்ம ஆளுங்க நிப்பாங்க. நான் கூட வர்றேன், வாங்க."

ரயிலடி வரை முன்னால் நடந்தார். வழியில், மெஷின் போலந்து நாட்டிலிருந்து வந்தது, நானும் அங்கே இருந்தவன் என்றேன். அந்த நாட்டைப் பற்றிக் கேட்டார். வயல்மேல் பனி விழுந்து கிடக்கும் என்றேன்.

"அங்க நெலம் யாருக்குச் சொந்தம்?"

"பெரும்பாலும் உழுறவங்களுக்குத்தாங்க."

தண்ணீர் கட்டிய வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். ரயில் வந்ததும் என்னை ஏற்றிவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இயந்திரங்களைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும், தன் பிழைப்புக்கே பாதகமான பதிலைச் சொன்னவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து ரயிலேற்றிய அந்த மனசுக்கு, எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை.